தலைமாட்டில் நிற்கும் வீட்டுக்காரர்

திருச்சியில் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். புது வீடு, பழைய வீட்டு ரீவயரிங், இன்வெர்ட்டர் இணைப்பு, சில்லறை ரிப்பேர் எல்லாம் உண்டு. தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் வயர் கணக்கையோ லோடு கணக்கையோ சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் திணறுவது வேறொரு இடத்தில். "அண்ணே, வீட்டுக்காரர் தலைமாட்டிலேயே நிக்கிறாரு, கை ஓட மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். பெயிண்டர், தச்சர், பிளம்பர் எல்லோருக்கும் இந்த நெருக்கடி உண்டு. எங்கள் வேலையில் கரண்ட்டும் சேர்ந்துகொள்வதால், பக்கத்தில் நிற்பவரை எப்படி நடத்துகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகவும் ஆகிவிடுகிறது.

நான் கண்டது இதுதான்: சும்மா யாரும் வந்து நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பண பயமாக இருக்கும், முன்பு ஒருவரிடம் ஏமாந்த அனுபவமாக இருக்கும், வெறும் ஆர்வமாக இருக்கும், பேச ஆள் இல்லாத குறையாகக்கூட இருக்கும். அந்தக் காரணம் தெரியாமல் "கொஞ்சம் தள்ளிப் போங்க சார்" என்றால் ஹாலுக்குப் போய்விட்டு இரண்டே நிமிடத்தில் திரும்பி வருவார், கூடுதல் சந்தேகத்தோடு. காரணம் தெரிந்துவிட்டால் அதற்கு வழி செய்துவிடலாம்.

பாதிப் பேர் நிற்பதற்குக் காரணம் கூலி பேசிய விதத்திலேயே இருக்கிறது. நாள் கூலிக்குப் பேசினால், நேரம் வீணாகிறதா என்று பார்க்க நிற்பார். பாயிண்ட் கணக்கில், அதாவது லைட், ஃபேன், பிளக் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பேசினால், அவசர அவசரமாக முடித்துவிட்டு ஓடப் பார்க்கிறோமா என்று நிற்பார். இரண்டிலும் அவர் பக்கம் நியாயம் உண்டு. நாள் கூலியில் எங்களுக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. ஃபால்ட் தேடும்போது போர்டைத் திறந்து வைத்துவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எந்த வயர் எந்த ஜங்ஷன் பெட்டிக்குப் போகிறது, எங்கே சேர்கிறது என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். அதனால் நான் யோசிப்பதை வாய்விட்டே சொல்லிவிடுவேன். "ஹால் லைட்டும் பெட்ரூம் ஃபேனும் ஒண்ணா போயிருக்கு, ரெண்டுக்கும் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர், ஒரே இடத்திலிருந்து வரணும், அந்த இடத்தைத்தான் தேடுறேன்" என்று சொன்னால் போதும், அவர் முகம் மாறிவிடும். வேலை நடக்கிறது என்பது அவருக்குக் கேட்கிறது.

இப்போதெல்லாம் ஃபால்ட் தேடப் போவதற்கு நாள் கூலி பேசுவதே இல்லை. வந்து பார்க்க இவ்வளவு, சரிசெய்ய அதற்கு மேல் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரீவயரிங் என்றால் பாயிண்ட் கணக்கு. எதை ஒரு பாயிண்ட் என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஸ்விட்ச் போர்டிலேயே இருக்கும் பிளக் தனிப் பாயிண்டா, ரெகுலேட்டர் சேர்த்தியா, ஏ.சி. லைனுக்குத் தனிக் கணக்கா என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் ஒன்று, என் கையில் ஒன்று. காலை டீக்கும் சாயங்கால டீக்கும் எத்தனை மணிக்குப் போவோம் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுவேன். சின்ன விஷயமாகத் தோன்றும். நாள் கூலி வீட்டில் டீக்குப் போன ஆள் எப்போது வருவான் என்று வாசலில் நிற்பவர்தான் அப்புறம் ஏணிக்குக் கீழேயும் வந்து நிற்பார்.

திருவெறும்பூர், காட்டூர் பக்கம் வேலைக்குப் போனால் பெல் (BHEL) கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. பாய்லர் செய்யும் தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் இருந்தவர்கள், ஒரு வேலையைப் பார்க்காமல் விட மாட்டார்கள். பல எலக்ட்ரீசியன்கள் அந்த வீடுகளுக்குப் போகத் தயங்குவார்கள். நான் அங்கிருந்துதான் என் தொழிலுக்கு ஆகப் பெரிய பாடத்தை எடுத்துக்கொண்டேன். தர ஆய்வுப் பிரிவில் இருந்த ஒரு பெரியவர், முதல் நாள் முழுக்க என் கூடவே நின்றார். மத்தியானம் நானே கேட்டேன்: "சார், உங்க கம்பெனியில வெல்டர் பக்கத்துல நாள் முழுக்க நிப்பீங்களா?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இல்ல தம்பி. ஒரு கட்டம் முடிஞ்சதும் நிறுத்திக் கூப்பிடுவாங்க. பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த கட்டம்." அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம் சார் என்றேன்.

அன்றிலிருந்து பெரிய வேலை எல்லாவற்றிலும் இதுதான் முறை. சுவரில் காடி எடுத்து பைப் பதித்ததும், பூச்சுக்கு முன்னால் ஒரு முறை கூப்பிடுவேன். வயர் இழுத்து முடித்ததும், ஸ்விட்ச் மாட்டுவதற்கு முன்னால் இன்னொரு முறை. இந்தக் கட்டத்தில் லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்று பேசியபடி போயிருக்கிறதா என்று வயரின் மேலே அச்சடித்திருப்பதை அவரே படித்துப் பார்க்கலாம். கரண்ட் கொடுப்பதற்கு முன், வயரின் மேலுறை வழியாகக் கரண்ட் கசியுமா என்று பார்க்கும் மெக்கர் கருவியை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதிக்கும்போது மூன்றாவது முறை. முள் 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனுக்குக் கரண்ட் கொடுக்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவைப்பேன். இந்த மூன்று நேரமும் அவருடையது, எவ்வளவு கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். நடுவில் எங்களை விட்டுவிட வேண்டும். அந்தப் பெரியவர் மறுநாள் நாற்காலியைத் திண்ணைக்கு எடுத்துப் போய் பேப்பர் படித்தார். கூப்பிட்டபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு பெட்டியாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பெட்டி சுவரில் அரை இஞ்ச் உள்ளே போயிருப்பதைக் காட்டினார். அப்போதே திருத்தினோம். பூசிய பிறகு என்றால் மறுபடி உடைக்க வேண்டியிருந்திருக்கும். அவர் கண் எனக்கு உதவியது, நேரம்தான் மாற வேண்டியிருந்தது.

கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாதவர்களும் உண்டு. அவர்களுக்கு வேலை கொடுப்பது நல்லது, எந்த வேலை என்பதில் கவனம் வேண்டும். ஏணியைப் பிடிக்கச் சொல்லவே கூடாது. போன் அடித்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஏணி பிடிப்பது என் கையாளின் வேலை மட்டுமே. வீட்டு லைன் எல்லாம் பிரியும் டி.பி. பெட்டியில் எந்த எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே கரண்ட்டை வெட்டும் ஸ்விட்ச்) எந்த அறைக்கு என்று பார்த்து எழுதி ஒட்டும் வேலையை வீட்டுக்காரரிடம் கொடுப்பேன். ஒவ்வொன்றாக நான் ஆஃப் செய்வேன், அவர் வீட்டைச் சுற்றிவந்து எது நின்றது என்று சொல்லி எழுதுவார். அவருக்கு வீட்டு லைன் முழுவதும் மனப்பாடமாகிவிடும். நாளைக்கு ஏதாவது ட்ரிப் ஆனால் போனில் பேசும்போதே விஷயம் புரியும்.

கேள்வி கேட்பவர்களை நான் தொல்லையாக நினைப்பதில்லை. அடிக்கடி வரும் கேள்வி டெஸ்டர் பற்றியது. ஒரு பிளக்கில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும், "ரெண்டு பக்கமும் கரண்ட் அடிக்குதே, நீங்க என்ன பண்ணி வச்சீங்க?" என்று பதறுவார்கள். முக்கால்வாசி அது நியூட்ரல் விட்டுப்போன கேஸ். வீட்டில் ஏதோ ஒரு லைட்டோ ஃபேனோ ஆனில் இருக்கும். ஃபேஸ், அதாவது உள்ளே வரும் கரண்ட், அதன் வழியாகப் போய், திரும்பிப் போக வழி இல்லாமல் நியூட்ரல் வயரிலேயே நிற்கும். அதைத்தான் டெஸ்டர் காட்டுகிறது. வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். டெஸ்ட் லாம்ப்பின் இரண்டு முனையையும் இரண்டு ஓட்டையில் வைத்துக் காட்டுவேன், எரியாது. அப்புறம் வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொல்லி, பிளக்கில் மாட்டியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு டெஸ்டரை வைத்தால் நியூட்ரல் ஓட்டையில் வெளிச்சம் போய்விடும். இரண்டு நிமிட வேலை. அதைப் பார்த்தவர் அதற்குப் பிறகு என் மேல் சந்தேகப்பட்டதில்லை. யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்களுக்கும் இதே வழிதான். வீடியோ தப்பு என்று வாதாடாமல் மீட்டரை வைத்துக் காட்டிவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பது கிடையாது. மெயின் ஸ்விட்ச். வேலை நடக்கும் வீட்டில் அதைத் தொடும் உரிமை என் ஒருவனுக்கு மட்டுமே. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பழைய வீடுகளில் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஏணியில் ஏறுவார். ஏன் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். நான் மேலே ஹோல்டரில் கை வைத்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, தொட்டிக்கு ஏற்ற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் யாரிடமும் சொல்லாமல் போய் மெயினைப் போட்டார். கட்டை என் பையில் இருந்ததால் மோட்டார் ஓடவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. "மெயின் போட்டும் கரண்ட் வரலியேப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் போய்விடுமே என்ற கவலைதான் அவருக்கு. நம் உயிர் அவருடைய ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எம்.சி.பி. வைத்த வீட்டில் ஆஃப் செய்து, அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, "ஆள் வேலை செய்கிறார், தொடாதீர்கள்" என்று எழுதிய அட்டையை மாட்டிவிடுவேன். பூட்டு மாட்டும் வசதி உள்ள பெட்டி என்றால் பூட்டிச் சாவி என்னிடம். வேலை தொடங்கும் முன் வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, மோட்டார் போடணும், மாவாட்டணும், குழந்தைக்குப் பால் காய்ச்சணும் என்றால் இப்போதே முடித்துக்கொள்ளுங்கள் என்று அரை மணி நேரம் கொடுத்துவிடுவேன். சமையலறையில் இருக்கும் அம்மாவிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பல வீடுகளில் ஆண்களிடம் சொன்னது அங்கே போய்ச் சேர்வதே இல்லை. பக்கத்தில் நிற்பவர் "நான்தான் ஆஃப் பண்ணிட்டேனே, தைரியமா கை வைங்க" என்றாலும் டெஸ்டர் வைக்காமல் தொடுவதில்லை. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். பேட்டரி 12 வோல்ட்தானே என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே வருவது 12 வோல்ட் இல்லை.

இனி சந்தேகத்தால் நிற்பவர்கள். இது மனதை வலிக்கச் செய்யும் விஷயம். வேலைக்காரன் என்றாலே கை நீளும் என்று நினைத்துப் பார்க்கும் பார்வை எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனாலும் அதில் ஒரு பகுதிக்கு எங்கள் தொழிலிலேயே காரணம் இருக்கிறது. ரீவயரிங்கில் கழற்றும் பழைய செம்பு வயருக்கு நல்ல விலை. 90 மீட்டர் காயில் வாங்கிவந்தால் கடைசியில் துண்டும் மீதியும் விழும். இது யாருடையது என்று பேசாமலே சிலர் எடுத்துப் போய்விடுகிறார்கள். என் வழக்கம், முதல் நாளே ஒரு சாக்கை ஹாலில் வைத்து, "பழைய வயர், வெட்டுத் துண்டு எல்லாம் இதில்தான் போகும், கடைசியில் உங்களிடம் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லிவிடுவது. சில வீடுகளில் முடிக்கும்போது "நீங்களே எடுத்துக்கங்க தம்பி" என்பார்கள். அப்போது வாங்கிக்கொள்வேன். கேட்டு வாங்கியதில்லை.

சாமான் வாங்கும் விஷயமும் அப்படியே. கடையில் எலக்ட்ரீசியனுக்குக் கமிஷன் உண்டு என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க முடியாமல் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஸ்விட்சையும் எண்ணுவார். நான் லிஸ்ட் எழுதி அவரிடமே கொடுத்துவிடுகிறேன், பிடித்த கடையில் வாங்கிக்கொள்ளட்டும். வயரின் அளவும் எம்.சி.பி. ஆம்பியரும் மட்டும் மாறக் கூடாது என்று அடிக்கோடிட்டுக் கொடுப்பேன். கமிஷன் போனாலும், வேலை முடியும்வரை சந்தேகமில்லாமல் இருப்பது எனக்கு அதைவிடப் பெரிது. பீரோ இருக்கும் அறையில் வேலை என்றால் நிலைமையே தலைகீழ். அங்கே யாராவது நிற்க வேண்டும் என்று நானே கேட்பேன். "அக்கா, நகை, பணம் இருந்தா எடுத்துப் பூட்டிடுங்க, நாங்க இருக்கிற வரைக்கும் நீங்களோ வேற யாராவதோ இங்க இருங்க." என்றைக்கோ தொலைந்த மோதிரத்துக்கு என் கையாள் பையன் பதில் சொல்லும்படி ஆகக் கூடாது. தனியாக இருக்கும் பெண்கள் வீடு என்றால் வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொல்வேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் நம்மைக் கவனிப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் வேறு மாதிரி. உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் பெரிய வீட்டில் வயதானவர்கள் இருவர் மட்டும், சில இடத்தில் ஒருவர் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் வெளியூரில். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று கூப்பிடுவார்கள். 2.5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் மாற்றினால் முடிந்தது. அதற்குள் வீடு கட்டிய கதை, மரச் சட்டத்தில் வயர் ஓடிய காலம், வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைந்த கதை எல்லாம் வரும். ஏணியைச் சுற்றியே நிற்பார்கள். அங்கே வேலையை முடித்துக் கீழே இறங்கி, அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்தபடி உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். மேலே இருக்கும்போது மட்டும், "மாமி, கருவி ஏதாவது கீழே விழுந்தா உங்க மேல பட்டுடும், அந்தத் தூணுக்கிட்ட உட்காருங்கோ, இறங்கி வந்து கேட்கறேன்" என்பேன். சொன்னபடி வந்து கேட்கவும் வேண்டும். அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அடுத்த முறை ஏணி பக்கத்தைவிட்டு நகர மாட்டார்கள்.

சில வேலைகளை விட்டும் வந்திருக்கிறேன். ஒரு வீட்டில் கரண்ட் கசிந்தால் வெட்டும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆனது. எங்கோ லீக்கேஜ் இருக்கிறது, தேட நேரம் வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, அதை பைபாஸ் செய்துவிட்டுப் போ என்று பிடிவாதம் பிடித்தார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும் அந்தப் பெட்டிதான், ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொடும் அவர் வீட்டு ஆட்களைக் காப்பாற்றுவது. சொல்லிப் பார்த்தேன், குரல் உயர்ந்தது, மரியாதை குறைந்தது. அதுவரை செய்ததற்குக் கணக்குச் சொல்லி, திறந்த போர்டை மூடி, கழற்றிய லைனை டேப் சுற்றிப் பத்திரமாக்கிவிட்டுக் கிளம்பினேன். பாதியில் விடும்போது இது முக்கியம். கோபத்தில் திறந்த வயரை அப்படியே விட்டு வரக் கூடாது. மரியாதை இல்லாத இடத்தில் கையாள் பையன்களைப் பேச விடாமல் நானே முன்னால் நின்றுகொள்வேன். அவர்கள் முன்னால் நான் தலைகுனிந்தால் தொழிலே கேவலம் என்று அந்த வயதில் தோன்றிவிடும்.

இப்போது புதிதாக வந்திருப்பது போன். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் வீடியோ காலில் வேலையைப் பார்ப்பார். அப்பா போனைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நிற்பார். "அந்த வயர் ஏன் அங்க போகுது? கிட்டக் காட்டுங்கப்பா" என்று குரல் வரும், அப்பா இன்னும் கிட்ட வருவார். லைன் ஓடும் போர்டுக்கு முன்னால் இது நல்லதே இல்லை. அந்த மகனிடம் நானே போனை வாங்கிப் பேசிவிடுவேன். "சார், சாயங்காலம் அன்னன்னிக்கு முடிச்ச வேலையைப் படம் எடுத்து அனுப்புறேன், பார்த்துட்டு ராத்திரி கேளுங்க, பதில் சொல்றேன். பகல்ல வேண்டாம்." பணம் அனுப்புகிறவர் அவர், வீட்டைக் கண்ணால் பார்க்க முடியாத தவிப்பும் அவருக்கு உண்டு. இதுவரை யாரும் மறுத்ததில்லை.

அந்தப் படங்களை எடுப்பதில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று எடுப்பேன், சுவரில் டேப் அளவைப் பிடித்து, தரையிலிருந்து பைப் எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதும் தெரியும்படி. கே.கே. நகரில் அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். பின்னால் அங்கே மாடுலர் கிச்சன் போட வந்த தச்சர் சுவரில் டிரில் வைப்பதற்கு முன்னால் அந்தப் படங்களைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்த வீட்டு மகன் வெளிநாட்டிலிருந்தே அனுப்பி, எந்த இடத்தில் துளை போடக் கூடாது என்று சிவப்பில் வட்டம் போட்டும் கொடுத்திருக்கிறார்.